செல்லூரில் போட்ட ஹெட்லைட்

வாடிப்பட்டி தாண்டியதும் ரோட்டில் ஒரு வைக்கோல் போர் போய்க்கொண்டிருந்தது. அடியில் டிராக்டர் இருந்திருக்க வேண்டும். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கிடையாது. பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எனக்கு அது தூரத்திலேயே தெரிந்துவிட்டது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் இதோ வேகத்தைக் குறைப்பார், இதோ குறைப்பார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். குறைக்கவில்லை. "ஏனுங்க" என்றேன். அதற்கும் குறைக்கவில்லை. கத்தினேன். வேன் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ரோட்டோர மண்ணில் நின்றது. பின்னால் அடுப்பு மேலிருந்த குக்கர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. முன்கண்ணாடியில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"லைட்டு சரியில்ல சரசு," என்றார்.

நான் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து குக்கரை எடுத்தேன்.

நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். அவர் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். ஓய்வுபெற்ற கையோடு, ஒரு பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய பழைய வேனை வாங்கினார். சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர் டிரம், சாமான் வைக்க நாலு பலகை. திரைச்சீலை மட்டும் நான் தைத்தது. எங்கள் தெருவில் அதற்கு 'சரசு விலாஸ்' என்று பெயர். அதில் ஏறி உட்கார்ந்தால் அவருக்குப் பத்து வயது குறையும், எனக்குப் பத்து கூடும். ஆனாலும் அவரோடு கன்னியாகுமரி, ஹம்பி, தரங்கம்பாடி என்று எல்லா இடமும் போய்ப் படுத்து எழுந்து வந்திருக்கிறேன். இந்த முறை ராமேஸ்வரம் என்று கிளம்பியிருந்தோம்.

கொஞ்ச மாதங்களாகவே எனக்கு ஒரு சந்தேகம். இருட்டத் தொடங்கினால் ஏதாவது கடை ஓரத்தில் நிறுத்தி இன்னொரு டீ குடிக்கலாம் என்பார். டீ முடிந்தால் இங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்பார். பகலில் பேப்பரில் பொடி எழுத்தெல்லாம் படிக்கிறவர், ஆகவே நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வைக்கோலைக் கண்ணாடியில் பார்த்த பிறகு மூட முடியவில்லை.

"லைட்டா, கண்ணான்னு மொதல்ல பாருங்க. அதுவரைக்கும் இருட்டுல இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்."

"லைட்டுதான். மதுரையில புதுசா மாத்திடறேன். மாத்தியும் தெரியலைன்னா அப்பறம் நான் ஸ்டியரிங்கைத் தொடலை. போதுமா?"

போதும் என்றேன். ஒப்புக்கொண்டேனே தவிர, அந்தப் பந்தயத்தில் ஜெயிக்க எனக்குக் கொஞ்சமும் ஆசை இல்லை. இந்த மனிதர் வேனை நிறுத்திவிட்டு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். லைட்டாகவே இருக்கட்டும் என்று வழியில் வந்த எல்லாச் சாமியிடமும் வேண்டிக்கொண்டேன். அந்த ராத்திரி ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் படுத்தோம். லாரிகள் தூங்க விடவில்லை.

காலையில் மதுரைக்குள் நுழைந்ததும் முதல் காரியம் இட்லி. எங்கள் ஊரில் சட்னியைக் கேட்டால்தான் இரண்டாவது முறை ஊற்றுவார்கள். இங்கே இலையைப் பார்த்து அவர்களுக்கே கோபம் வருகிறது. "என்னக்கா, சட்னி தொடவே இல்ல?" என்று கேட்டுவிட்டு அந்தப் பையன் நாலு வாளியிலிருந்தும் மறுபடி ஊற்றிப் போனான். தண்ணீர்தான் வாயில் வைக்க முடியவில்லை. சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்குக்கு உப்புத் தண்ணீர் தண்டனை. வெயில் காலை எட்டு மணிக்கே கழுத்தைப் பிடித்தது.

பக்கத்து மேசையில் வடக்கே எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பம். பெரியவருக்கு ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தது. கண் ஆஸ்பத்திரிக்காக ஜனங்கள் ரயிலேறி வருகிற ஊர் இது. நான் அந்தப் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்ததை வீட்டுக்காரர் கவனித்துவிட்டார்.

"மதுரைக்கு வந்தவனெல்லாம் கண்ணைக் காட்டியே ஆகணும்னு சட்டமா? இட்லியைச் சாப்பிடு," என்றார்.

கல்லாவில் இருந்தவர் செல்லூருக்குப் போகச் சொன்னார். அங்கே கோபால் என்று ஒரு எலக்ட்ரீஷியன், பழைய வண்டி என்றால் அவர்தான், பாலத்துக்கு அங்கிட்டுப் போய் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள் என்றார். யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். ஆளுக்கொரு திசை சொன்னார்கள்.

செல்லூர் சந்துகள் சைக்கிளுக்கென்று விட்டவை. இரண்டு பக்கமும் வீட்டுக்குள்ளிருந்து தறி ஓடுகிற சத்தம். வீட்டுக்காரருக்கு அந்தச் சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது, மில்லுக்குள் நுழைந்ததாக நினைப்பு. அந்த மலர்ச்சியில் மேலே பார்க்காமல் விட்டார். சந்துக்குக் குறுக்கே மூங்கில் கட்டிச் சாயம் போட்ட நூலைக் காயவைத்திருந்தார்கள். எங்கள் கூரைக் கேரியர் அதில் ஒரு கொத்தை அள்ளிக்கொண்டது. ரோஸ் நிற நூல் முன்கண்ணாடியில் வழிந்து தொங்க, வேன் சந்தில் அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. வீட்டிலிருந்து ஓடி வந்த லுங்கிக்காரர் வேனைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். திரைச்சீலையை விலக்கி உள்ளே அடுப்பைப் பார்த்தார்.

"ஏண்ணே, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீகளா?"

திட்டுவார் என்று பார்த்தால், ஏணி கொண்டுவந்து மேலே ஏறி, ஒரு இழை அறாமல் நூலைப் பிரித்தெடுத்தார். அப்புறம்தான் திட்டினார். அதுவும் எங்களை இல்லை, பின்னால் ஹாரன் அடித்த ஆட்டோக்காரரை. வேனை வைகைக் கரை ரோட்டில் போடச் சொல்லிவிட்டு, கோபாலை அவரே ஸ்கூட்டரில் கூட்டிவந்து விட்டார்.

கோபாலுக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் நாமம், சட்டைப் பையில் டெஸ்டர். பேச்சு நிற்காத மனிதர். திருகைக் கழற்றும்போதும் பேசுவார், திருகு கீழே விழுந்து தேடும்போதும் பேசுவார். முன்பக்கம் குனிந்து இரண்டு விளக்குகளையும் தட்டிப் பார்த்தார். எந்தக் காலத்திலோ போலீஸ்காரர் ஒட்டிய கறுப்பு வில்லை இன்னும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"லைட்டப் போடுங்கண்ணே... போட்டுட்டீகளா? ஆத்தாடி, இம்புட்டுதானா? இத வச்சுக்கிட்டா கோயம்புத்தூர்ல இருந்து வந்தீக?"

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பந்தயத்தில் பாதி ஜெயித்த பார்வை.

கண்ணாடியும் அதற்குப் பின்னால் இருக்கிற பளபள கிண்ணமும் சேர்ந்ததற்கு டூம் என்று பேர். எங்கள் டூம் இரண்டும் உள்ளுக்குள் பழுப்பேறிக் கிடந்தன, கழுவாத டீ டம்ளர் மாதிரி. போதாததற்கு, லைட்டுக்குப் போகிற கரண்ட் பூராவும் ஸ்டியரிங் பக்கத்துப் பழைய சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறதாம். பாதி அங்கேயே போய்விடுகிறதாம். டூம் புதுசு, பல்பு எல்.இ.டி., பேட்டரியிலிருந்து நேரே ரிலே வைத்துத் தனி வயர். செய்துவிட்டால் பிரைட் போட்டால் ரோட்டுக் கோடியில் போகிற மாட்டின் கொம்பு தெரியும் என்றார் கோபால்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கிண்ணம் பழுப்பு, வயர் கோளாறு. இவ்வளவு குற்றம் லைட்டின் மேல் இருக்கும்போது கண்ணைச் சந்தேகப்பட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இவ்வளவு பழைய வண்டிக்கு டூம் கிடைப்பது லேசில்லை. கோபால் ஃபோனில், "மாப்ள, அந்த வட்ட டூம் ஒரு செட்டு கெடக்கா? இந்தா வாரேன், வேற ஆளுக்குக் குடுத்துறாத," என்று யாரிடமோ கத்திவிட்டு, வீட்டுக்காரரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கடைகடையாகப் போனார். நான் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வீட்டின் முன்னறைதான் கடை. கோபாலின் மனைவி பத்மா, கேட்காமலே ஒரு தட்டில் புளியோதரை கொண்டுவந்து வைத்தாள். நல்லெண்ணெய் மணக்க மணக்க இருந்தது. எங்கள் வீட்டில் நான் செய்வது இதற்குப் பக்கத்தில் நிற்காது. இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சுவரில் சாய்ந்தபடி தூங்கிப் போனேன். தறிச் சத்தத்தில் எப்படித் தூக்கம் வந்தது என்று தெரியவில்லை. அத்தனை அசதி.

அவர்கள் திரும்பியபோது கரண்ட் போயிருந்தது. வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே அரை இருட்டு. வீட்டுக்காரர் வெற்றி வீரர் மாதிரி டூம் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்து, ஸ்டூலில் உட்காரப் போனார். ஸ்டூல் ஒரு முழம் தள்ளி இருந்தது. நல்லவேளை, கோபால் தாங்கிக்கொண்டார். பத்மா காபி நீட்டினாள். வீட்டுக்காரரின் கை டம்ளருக்கு இந்தப் பக்கம் காற்றில் தேடியது. அவளே கையைப் பிடித்து டம்ளரை வைத்தாள். பிறகு கணவனிடம் தங்கள் வீட்டுப் பேச்சில் என்னவோ தாழ்ந்த குரலில் சொன்னாள். சௌராஷ்டிரம். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கோபாலும் அதிலேயே பதில் சொன்னார். அதுவரை பார்த்ததில் அவர் ஒரே வரியில் பேசி நிறுத்தியது அப்போதுதான்.

அடுக்களைக்குப் போய் பத்மாவைப் பிடித்தேன்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா."

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அண்ணனுக்கு இருட்டுல கண்ணு தெரியலையோன்னு கேட்டேன்க்கா. தப்பா எடுத்துக்காதீக."

"அதுக்கு அவரு?"

"லைட்டுப் போடச் சொல்லி வந்துருக்காரு, நாம லைட்டப் போடுவோம்னாரு."

வெயிலிலிருந்து உள்ளே வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவளிடம் சொன்னேன். ஆமாக்கா, எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்றாள். இரண்டு பேரும் பொய் சொல்லிக்கொண்டோம்.

சாயங்காலம் பத்மா வாங்கிவந்த முள்ளுமுருங்கை வடையைத் தின்றுவிட்டு ஆற்றங்கரையில் வேனிலேயே படுத்தோம். வடை பச்சை நிறத்தில் தட்டையாக, மேலே காரப்பொடி தூவி, சூடாக இருந்தது. அதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்காரர் மட்டும் ராமேஸ்வரத்துக்குப் பிறகு எங்கே போகலாம் என்று இருட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். ஒரிசா என்றார். நான் உம் கொட்டினேன்.

மறுநாள் கோபால் வேனுக்கு அடியில் படுத்தவர் மதியம்தான் எழுந்தார். புது டூம் இரண்டும் முழித்துக்கொண்டு உட்கார்ந்தன. ஒரு தறிக்கூடத்துச் சுவருக்கு எதிரே வேனை நிறுத்தி, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருகினார். வெயிலிலேயே சுவரில் இரண்டு வெள்ளை வட்டம் தெரிந்தது. கிளம்பலாம் என்று வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார். கோபால் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ராமேஸ்வரத்துக்கு நாளைக்குப் போங்கண்ணே. எங்கிட்ட லைட்டு மாத்துற வண்டி மொதல்ல அழகர்கோவில் போயி கருப்பன் முன்னாடி நிக்கணும். அப்புறம்தான் ராத்திரி ரோட்டுல எறங்கணும். நா எந்த வண்டியையும் அப்படி விட்டதில்ல."

"நேரமாயிருமே தம்பி."

"ஆகட்டும்ணே. இன்னொண்ணு. அங்க வைக்கிற சந்தனத்த நம்ம கையால அழிக்கக் கூடாது. காஞ்சு தன்னால உதுரணும். அதான் காவலு."

எனக்குச் சாமியை விடக் கோபாலின் முகம்தான் முக்கியமாகப் பட்டது. போகலாம் என்றேன்.

அழகர்கோவிலில் கூட்டத்துக்குக் குறைவில்லை, குரங்குக்கும் குறைவில்லை. வேனின் பக்கக் கண்ணாடியைத் திறந்து வைத்தது என் தப்பு. வாழைப்பழச் சீப்பு ஒன்று போயிற்று. பிரசாதக் கடையில் தோசை வாங்கினோம். விரல் பருமன், நெய்யில் முறுகி, மிளகும் தோல் உளுந்தும் பல்லில் கடிபட, ஒன்றைத் தின்றால் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம். மலைக்காற்று வந்ததில் உடம்புக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கருப்பன் குடியிருக்கிற பதினெட்டாம்படிக் கதவுக்கு முன்னால் வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. நானும் அதையேதான் கேட்டேன்.

வண்டிக்குப் பூசை போட வந்த பூசாரி தாராளக் கை உள்ளவர். "லைட்டு புதுசாண்ணே? அப்ப நல்லாவே வச்சுருவோம்," என்று கிண்ணத்துச் சந்தனத்தில் முக்கால்வாசியை இரண்டு டூமிலும் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே ஒரு சம்பங்கி மாலையும் தொங்கவிட்டார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். கூட்டத்தில் சிக்கி வெளியே வருவதற்குள் பொழுது இறங்கிவிட்டது.

இனிமேல்தான் பரீட்சை. வீட்டுக்காரர் சுவிட்சைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கோயில் தெருவில் கடை வெளிச்சம் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கடைகள் முடிந்து தோப்புகள் வந்ததும் தெரிந்தது. வண்டிக்கு முன்னால் இரண்டு மஞ்சள் வளையம், நடுவே கறுப்பு. சந்தனத்தைச் சுற்றிக் கசிந்த வெளிச்சம் அவ்வளவுதான். எனக்கே ரோடு மங்கலாகத்தான் தெரிந்தது. வேன் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போனது. சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியது. பின்னால் பைக்கில் வந்தவர் தாண்டும்போது கத்திக்கொண்டு போனார்.

"அண்ணே, லைட்டப் போட்டு ஓட்டுங்கண்ணே!"

வீட்டுக்காரர் நிறுத்தினார். அவருக்கு மூச்சு வாங்கியது. "சந்தனம்தான் சரசு. சந்தனம் மறைக்குது," என்றார்.

"அதான்! எனக்கும் தெரியல," என்றேன். சொல்லும்போது குரல் துள்ளியது. எனக்கும் தெரியவில்லை என்பதில் அத்தனை நிம்மதி. கோபால் சொன்னதை மறந்தேனில்லை. கருப்பனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தண்ணீர்ச் செம்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சந்தனம் காய்ந்து ஓடாக இருந்தது. தண்ணீர் விட்டு, நகத்தால் சுரண்டி, மாலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, முதலில் ஒரு விளக்கைத் துடைத்தேன், பிறகு இன்னொன்றை. துடைக்கத் துடைக்க வெளிச்சம் என் கையைத் தாண்டி ஓடியது. நிமிர்ந்து பார்த்தேன். கோபால் பொய் சொல்லவில்லை. ரோடு பூராவும் பால் ஊற்றியது போல் கிடந்தது. தூரத்துத் தென்னை மட்டை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"துடைச்சாச்சுங்க!" என்று திரும்பிச் சொன்னேன்.

உள்ளேயிருந்து அவர், "இன்னும் போகல. கொஞ்சம் அழுத்தித் துடை," என்றார்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு பொட்டுச் சந்தனம் அதில் இல்லை. ஆனாலும் துடைத்தேன். சுத்தமான கண்ணாடியை மறுபடியும் மறுபடியும் துடைத்தேன். தண்ணீர் தீரும் வரை துடைத்தேன்.

"இப்ப?"

என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்கு எதுவரைக்கும் தெரியுது, சரசு?"

பொய் சொல்லலாம் என்று நாக்கு வரை வந்தது. "வளைவு வரைக்கும் தெரியுதுங்க. வளைவுல ஒரு மோட்டார் ரூம் இருக்கு. அதுல ஏதோ விளம்பரம் எழுதியிருக்கு, படிக்கலாம்."

"எனக்கு நீ நிக்கறது தெரியுது," என்றார். "அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல."

நான் மாலையோடும் ஈரத்துண்டோடும் அந்த வெளிச்சத்தில் நின்றேன். காலையில் அவரை எங்கே கூட்டிப்போக வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் சுற்றிக்கொண்டு வந்தபோது அவர் டிரைவர் சீட்டை விட்டு இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தார்.

நான் வேலைக்குப் போன காலத்தில் கார் ஓட்டியவள்தான். அவ்வளவு பெரிய வேனை இருட்டில் ஓட்டியதில்லை. கியர் இரண்டு தரம் கத்தியது. வண்டி தார்மேல் ஏறி ஓடத் தொடங்கியதும், அவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"என்னென்ன வருதுன்னு சொல்லீட்டே வா."

சொன்னேன். மோட்டார் ரூம் என்றேன், சிமெண்டு விளம்பரம் என்றேன். ஒரு பாலம், கைப்பிடிச் சுவர் இடிந்திருக்கு. ஒரு நாய். சைக்கிளில் ரெண்டு பேரு, பின்னால இருக்கிறவன் தூங்கறான். வயல்ல கொக்கு உக்காந்திருக்கு, நிறைய. மதுரை வரும் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன்.